உடும்பை எடுத்துவிட்டால் ஜெயிக்கலாம்

மாங்குளத்திலிருந்து கிளம்பிய பஸ் பாதி வழியில் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. மார்கழி மழை. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று நடத்துநர் சொன்னார். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த நான் இறங்கிய கையோடு ரோட்டோரப் புதரைப் பார்த்து நடந்தேன். பின்னால் பஸ் முழுக்கக் கத்தியது.

"நில்லும் தம்பி, நில்லும்! காலை எடுத்து வையாதையும்!"

நின்றேன். புதருக்கு முன்னால் ஒரு சிவப்புக் குச்சி நட்டிருந்தது. அதில் கட்டியிருந்த பலகையில் மண்டையோடும் மிதிவெடி என்ற எழுத்தும். நான் அதைப் பார்க்கவே இல்லை. வந்த கால்தடத்திலேயே திரும்பி வந்தேன். கோணிப்பையோடு நின்ற ஒரு அம்மா சிரிப்பில்லாமல் சொன்னார்: "இஞ்சை எல்லாம் ரோட்டிலைதான் தம்பி. ஆம்பிளையள் பஸ்ஸுக்குப் பின்னுக்கு. பொம்பிளையள் முன்னுக்கு. வெக்கப்பட்டால் கால் போயிடும்."

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பஸ் நின்றால் காடு முழுக்க நம்முடையது. அன்று பஸ்ஸைத் தள்ளும்போது முன்னால் நின்றவர்களின் கால்தடத்தில் மட்டும் கால் வைத்தேன். மற்றவர்கள் சேற்றைத் திட்டிக்கொண்டே தள்ளினார்கள்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு சின்னப் பொட்டலம். சிங்கப்பூரில் கப்பல் துறையில் என்னோடு பெயின்ட் சுரண்டியவன் சுதன், இலங்கையில் வன்னிப் பக்கத்து ஒட்டுசுட்டான்காரன். ஊருக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி, அவன் ஊரில் இருக்கும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, போக முடியுமா என்று யார் கேட்டாலும் முடியும் என்று சொல்வதே என் பழக்கம். பொட்டலத்தில் இருந்தது கையில் வைத்து ஆடும் ஒரு கேம் மெசின். பழையது, ஆனால் திரை நன்றாக இருந்தது.

ராணுவத்தின் சோதனையில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம், இயக்கம் என்று எல்லோரும் சொல்லும் புலிகளின் சோதனையிலும் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: இது என்ன? விளையாட்டுச் சாமான் என்றேன். வயது வந்த ஆள் விளையாட்டுச் சாமானோடு வருவதை இரண்டு பக்கமும் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், மறுபடி முகத்தைப் பார்த்தார்கள்.

2005 ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சமாதானம் இன்னும் கையெழுத்தில் இருந்தது; ஆனால் யாழ்ப்பாணத்துப் பக்கம் கிளைமோர் கண்ணிவெடி வெடிக்க ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. வன்னிக்குப் போய்வரும் பாதையைப் பூட்டுவார்களா என்ற ஒரே கேள்வியை மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களிடம் கேட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. கொழும்பில் கடிகாரம் நம்மூரைவிட அரை மணி முன்னால் ஓடியது. அரசு கடிகாரத்தை முன்னால் தள்ளிய அந்த மாற்றத்தை வன்னிக்குள் ஏற்றுக்கொள்ளவில்லை, பழைய நேரமே. சிங்கப்பூரிலும் நான் கையில் ஊர் நேரத்தைத்தான் வைத்திருந்தேன். இத்தனை தேசம் சுற்றியதில் என் கடிகாரம் சரியான நேரம் காட்டிய இடம் அதுதான்.

சுதனின் அண்ணன் சிவபாலன் ரேடியோ திருத்துவார், பற்றரி சார்ஜ் செய்து கொடுப்பார். ஊரில் கரன்ட் கிடையாது. கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், முன்னால் வரிசையாகக் கார் பற்றரிகள். பொட்டலத்தைக் கையில் வாங்கியவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "யோகமக்கா! மெசின் வந்திட்டுது!"

கையில் மாவோடு ஓடி வந்தார் யோகமக்கா. ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் சற்குணம் மாஸ்டர், டியூசன் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். கடைசியாக மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையோடு வந்து இறங்கியவர் ரபீக். அவரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

இந்த நாலு பேரும் ஒரு அணி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தட்டு புட்டும் சம்பலும் தின்று முடிக்கும் நேரம் ஆனது. நம்மூரில் தேங்காயை அரைத்துச் சட்னி ஆக்குவோம். இங்கே மிளகாயோடு இடித்து அப்படியே வைக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

ஆட்டம் இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு பிராணிகள். களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் ரகசியமாக முடிவெடுக்க வேண்டும்: அடிப்பதா, நிற்பதை உள்ளே இழுத்து வேறொன்றை இறக்குவதா. இழுத்தால் அந்த முறை அடிக்க முடியாது. புதிதாக இறங்குவது எதிரியின் அடியை வாங்கும். நிற்பது செத்து விழுந்தால் அடுத்தது அடி வாங்காமல் இறங்கும். நாலும் விழுந்தால் தோல்வி. சிங்கப்பூரில் எங்கள் தங்குமிடத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதில் போட்டி வைப்பார்கள். வேறு எதிலும் தேறாத நான் இதில் தேறினேன்.

நாங்கள் அங்கே ஒவ்வொருவரும் ஒரு மெசின், ஒரு முழு அணி வைத்திருந்தோம். ஒட்டுசுட்டானில் நாலு பேருக்கு ஒரே மெசின். அதனால் ஆளுக்கு ஒரு பிராணி வளர்த்தார்கள். சார்ஜ் இருக்கும் நேரத்தைப் பங்கு போட்டு, முறை வைத்து, இரண்டு வருடமாக. அந்த மெசினின் திரை செத்துப்போனதால்தான் சுதன் இதை அனுப்பினான்; கேம் அட்டையை மாற்றிச் செருகினால் பிராணிகளும் கூடவே வந்துவிடும். கேம் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. ஒருவருக்கும் ஒரு எழுத்தும் தெரியாது. எது எதை அடிக்கும் என்பதை அடி வாங்கியே தெரிந்துகொண்டு, பெயரும் அவர்களே வைத்திருந்தார்கள். சிவபாலனுக்கு மின்னல் வௌவால், மிக வேகம். மாஸ்டருக்குப் புகைக்கீரி, பலத்த அடி. யோகமக்காவுக்கு எருமை, தண்ணீரால் அடித்தால் அது குடித்து இன்னும் தெம்பாகும். ரபீக்குக்குக் கல்லுடும்பு. சாதாரண அடி எதுவும் அதன் தோலில் ஏறாது. ஆனால் மிக மெதுவானது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

எதிரி ராணுவத்தின் பக்கம், வவுனியாவில் இருந்தான். சிவபாலனின் மனைவியின் தம்பி ஆனந்தன், கம்ப்யூட்டர் கேம் கடைக்காரன். மூன்று நாள் கழித்து ஒட்டுசுட்டான் கோயிலுக்கு வருவான், வரும்போது மெசினும் வயரும் கொண்டு வருவான். அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. தோற்ற பக்கம் ஒரு பிராணியை வயர் வழியாகக் கொடுத்துவிட வேண்டும். எதைக் கொடுப்பது என்று தோற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். பாதை பூட்டினால் திருப்பி வெல்ல வாய்ப்பில்லை. கொடுத்தவர் அணியில் இல்லை என்று அர்த்தம்.

"நீர் உந்த விளையாட்டிலை விண்ணன் எண்டு சுதன் சொன்னவன்," என்றார் சிவபாலன். "எங்கடை அணியைப் பாத்துச் சொல்லும். என்ன பிழை?"

எனக்குப் புட்டு தின்ற உற்சாகம். ஆனந்தனிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதலை ஒன்று, மீன்கொத்தி ஒன்று, இரண்டும் தண்ணீர். யோசிக்கவே இல்லை.

"அந்த உடும்பை எடுத்துட்டா ஜெயிக்கலாம்ணே. நாலு நல்ல பிராணி இருந்தா அணி ஆகாது. ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு அடைக்கணும். அது இருக்கறதே ஓட்டை. வேற எதையாவது புடிச்சுப் போடுங்க."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். யோகமக்கா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சிவபாலன் மெசினின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரபீக் மட்டும் சிரித்தார். "தம்பி சொல்லுறது சரிதான்," என்றார். துணி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

மறுநாள் ரபீக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனார், முள்ளியவளைப் பக்கம் துணி விற்க. மோட்டார் சைக்கிளின் பின்னால் சேலை மூட்டை, அதற்கும் பின்னால் நான். வழியில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அவர் இறங்கி அதைக் கிளறிப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்று போகலாம் என்றார். நின்றோம். அப்போதுதான் சொன்னார்.

"எங்களையும் ஒருக்கா எடுத்தவை தம்பி. தொண்ணூறிலை. சோனக ஆக்கள், முஸ்லிமாக்கள் எல்லாரும் வெளிக்கிடோணும் எண்டு இயக்கம் சொன்னது. உடுத்த உடுப்போடை."

"பக்கத்து வீட்டுக்காரங்க?"

"வேலியடியிலை நிண்டவை. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பயந்தானே. நான் குறை சொல்லேல்லை." காட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புத்தளத்திலை முகாமிலை இருந்தனாங்கள். பாதை திறந்ததும் நான் மட்டும் வந்திட்டன். மனிசியும் ரெண்டு பிள்ளையளும் அங்கைதான். வீட்டுக்குச் சுவர் எழுப்பிப்போட்டன். கூப்பிடுறதோ விடுறதோ எண்டு இன்னும் மனம் துணியேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார். "நீர் பிழையாச் சொல்லேல்லை. உடும்பு ஓட்டைதான். ஆனால் நேற்று ஒருத்தரும் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அதைத்தான் நான் பாத்தனான்."

யானை வரவில்லை. நாங்கள் கிளம்பினோம். முள்ளியவளையில் ஒரு கடையில் குரக்கன் ரொட்டியும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். ரொட்டி நம்மூர் கேழ்வரகு அடைதான், வெங்காயம் இல்லாமல். எனக்கு இறங்கவில்லை. என் வாயால் ஒருவரை அணியிலிருந்து தள்ளிவிட்டோமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மூளையைக் கசக்கினேன். ஓட்டையை எடுக்க முடியாவிட்டால் அதை வைத்து என்ன செய்யலாம்? பிலிப்பைன்ஸ்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. எதிரிக்கு எங்கே அடிக்க ஆசையோ, அதைத் திறந்து காட்டுவது. உடும்பைக் கண்டதும் ஆனந்தன் தண்ணீரால்தான் அடிப்பான். அந்த முறை உடும்பை உள்ளே இழுத்து எருமையை இறக்கினால், எருமை தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கும்.

சொன்னதும் யோகமக்கா கைதட்டினார். "பாத்தியளே நானா! உங்கடை உடும்பு இல்லாட்டி என்ரை எருமைக்குத் தண்ணி இல்லை!"

"ரெண்டு தரம்தான் ஏமாறுவான்," என்றார் மாஸ்டர். "மூண்டாந்தரம் விளங்கிடும்."

"உம்மட்டைப் படிக்கிற பெடியளுக்கு ரெண்டு வருசமாகியும் விளங்கேல்லையே," என்றார் யோகமக்கா. ரபீக் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. பழகும்போது கவனித்தேன். எந்தப் பிராணி அடிபட்டாலும், யாருடையதாக இருந்தாலும், உடனே உள்ளே இழுத்தார்கள். இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி வீண். சில நேரம் ஒன்றை விழ விடத்தான் வேண்டும், அப்போதுதான் அடுத்தது சேதமில்லாமல் இறங்கும் என்று விளக்கினேன். பூவரச இலையையும் சோடா மூடியையும் வைத்துக் காட்டினேன்.

"காயப்பட்டதை விட்டிட்டு வாறதோ?" என்றார் யோகமக்கா.

"அக்கா, அது பொம்மை."

"தெரியும். எண்டாலும்."

சிவபாலன் சொன்னார்: "உது எங்களுக்கு வராது ஐசே. வேறை ஏதும் இருந்தால் சொல்லும்."

ஆனந்தன் வந்த அன்று மத்தியானம் மழை கொட்டியது. கோயில் விபூதியோடு, கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மெசினோடு கடைக்குள் நுழைந்தான். முதலில் சொன்ன செய்தி விளையாட்டைப் பற்றியது அல்ல. வவுனியாவுக்குப் பக்கத்தில் காலையில் குண்டு வெடித்திருக்கிறது, சோதனைச் சாவடியில் சனம் நிறைந்து கிடக்கிறது, பொழுதுபடுமுன் அவன் திரும்பிவிட வேண்டும். நானும் மறுநாளே கிளம்புவது நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னான். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப கெதியா அடிச்சு முடிப்பம்," என்றான். "அத்தான், போன முறை மாதிரி அழக்கூடாது."

"நீ முதல்லை வயரைச் செருகு மச்சான்."

மெசினைச் சிவபாலன் பிடித்தார். மற்ற மூவரும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். எதிரே ஆனந்தன் தனியாக, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் சொல்லித் தரக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. சுவரோரம் நின்று திரையை மட்டும் பார்த்தேன்.

உடும்பு இறங்கியது. ஆனந்தன் தண்ணீரால் அடித்தான்; எருமை குடித்தது. அவனுக்குப் புரியவில்லை. மறுபடி உடும்பு, மறுபடி தண்ணீர், மறுபடி எருமை. யோகமக்கா எருமைக்கே ஊட்டுவது போலத் திரையைத் தடவினார். மீன்கொத்தி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மாஸ்டரின் கீரி ஒன்றைக் கூட்டிக்கொண்டு தானும் விழுந்தது. பிறகு ஆனந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனிடம் மிஞ்சியது முதலை மட்டும். அது எருமையை வேறு அடியால், உறைபனியால், இரண்டு முறை அடித்துச் சாய்த்தது. சாயும் முன் எருமை முதலையைப் பாதி உயிராக்கியிருந்தது. அடுத்து இறங்கிய உடும்பு ஒரு அடி கொடுத்து, ஒரு உறைபனி அடி வாங்கி, மயிரிழையில் நின்றது.

கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலைக்கு ஒரு மின்னல் போதும். வௌவால் முதலையைவிட வேகம். உடும்பை நிற்க விட்டால் விழும், பிறகு வௌவால் சேதமில்லாமல் இறங்கி முதலில் அடிக்கும், முடிந்தது. உடும்பை இழுத்தால், இறங்குகிற வௌவால் அடியை வாங்கும். தண்ணீர் என்றால் தாங்கும், உறைபனி என்றால் தாங்காது.

சிவபாலனுக்கும் தெரிந்தது. விரல் பொத்தான் மேல் நின்றது. ரபீக் மெல்லச் சொன்னார்: "விடுங்கோ. விழட்டும்."

"சும்மா இருங்கோ நானா," என்றார் யோகமக்கா.

சிவபாலன் இழுத்தார். ஆனந்தன் சிரித்துக்கொண்டே உறைபனியை அழுத்தியிருந்தான். இரண்டு வருடமாக அவர்களோடு ஆடியவன். இழுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். வௌவால் விழுந்தது. தனியாக நின்ற உடும்பை முதலை தண்ணீரால் அடித்தது.

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சரி," என்றான் ஆனந்தன், வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு. "எதைத் தாறியள்? எனக்கு நேரமில்லை."

அவன் கேட்டு முடிக்கவில்லை. ரபீக் சொல்லிவிட்டார்: "உடும்பைக் குடுங்கோ. அதாலைதானே தோத்தது." குரலில் வருத்தம் இல்லை. பழகிய வேலை போல, யாரும் சொல்லுமுன் தானே எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியையும் எடுத்துவிட்டார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன், அவர் சிவபாலனைப் பார்த்தார். முதல் நாள் வந்த அதே மௌனம் வந்தது. யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதற்கு நான் யார்?

"இருங்கோ நானா!" யோகமக்கா அதட்டிய அதட்டலில் ஆனந்தன்கூட நிமிர்ந்தான். "ஆர் உங்களைக் கேட்டது? நீங்களாப் போறன் எண்டு சொல்லுவியள், நாங்கள் திரும்பவும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கவோ? வேலியடியிலை ஒருக்கா நிண்டது போதும்."

ரபீக் சாவியோடு அப்படியே நின்றார்.

சிவபாலன் பொத்தான்களை அழுத்தத் தொடங்கினார். "வௌவால்," என்றார். "மச்சான், வௌவாலை எடு."

"உமக்கென்ன விசரே!" மாஸ்டர் குதித்தார். "அது போனால் எங்களிட்டை வேகமே இல்லை! மூண்டு ஆமையளை வைச்சு ஆரை வெல்லுறது? தம்பி, நீர் சொல்லும்!"

"இதைவிட மோசமா ஒரு முடிவு எடுக்க முடியாதுண்ணே," என்றேன். அது உண்மை.

"பரவாயில்லை," என்றார் சிவபாலன். ஆனந்தன் நம்ப முடியாமல் இரண்டு தரம் கேட்டுவிட்டு, வாங்கிக்கொண்டு மழையில் போனான். ரபீக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யோகமக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டு வந்து, முதலில் அவர் முன்னால் வைத்தார். மாஸ்டர் தன் தேத்தண்ணி ஆறும்வரை திட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ரபீக் என்னைப் புளியங்குளம் வரை கொண்டு வந்து விட்டார். வழியில் ஒரு கொமியூனிகேசன் கடையில் நிறுத்தி, புத்தளத்துக்குப் பேச வேண்டும் என்றார். மரப்பெட்டிக்குள் கதவு சாத்தாமல் பேசியதால் கேட்டது. "சுவர் கிடக்குது, கூரையை நான் போடுறன்... ஓம், பள்ளிக்கூடம் இருக்கு... பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. மழை விட்ட உடனை வெளிக்கிடு."

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். "உம்மடை கணக்குப்படி நேற்று நாங்கள் செய்தது பெரிய பிழைதானே?"

"ஆமாண்ணே."

"அவளுக்கும் அதைத்தான் சொன்னன். அவளுக்கு வௌவாலும் விளங்கேல்லை, உடும்பும் விளங்கேல்லை. வாறன் எண்டிட்டாள்."

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. புளியங்குளத்தில் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன். அவர் வண்டியைத் திருப்பினார். கூரைத் தகடு கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டுமாம்.

சாவடியில் சண்டைக்குப் பயந்து வெளியேறுகிறவர்களின் வரிசை ரோட்டு வளைவையும் தாண்டி நின்றது. பாய், பெட்டி, தையல் மெசின், ஒரு அலுமாரி. குழந்தைகள் மூட்டைகள் மேல் தூங்கினார்கள். என் முறை வர மத்தியானம் ஆனது. அதுவரை எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகிறவர்களின் வரிசையை. ஒரு அரிசி லொறி போனது. அதன் பின்னால் ஒரு கிழவர், சைக்கிளில். பிறகு நெடுநேரம் யாரும் இல்லை.